ருவாண்டாவை வகுப்பறையில் கற்பிப்பது

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ 100 நாட்கள் நடந்த இனப்படுகொலையில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் நடத்தினால், மாணவர்கள் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் நான் அடையாள அட்டையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே மொழி பேசி, அருகருகே வாழ்ந்த மக்களை ஹூட்டு, டுட்ஸி என்று பிரித்து 1930களில் பெல்ஜியக் காலனி ஆட்சி அட்டையில் பதிந்துவைத்த அந்த ஒரு வரிதான், அறுபது ஆண்டுகள் கழித்து ஹூட்டு தீவிரவாதிகளின் சாலைத் தடுப்புகளில் யார் சாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது; டுட்ஸி என்றிருந்தால் சாவு. அடுத்து, 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி. பாட்டுக்கும் கேலிப் பேச்சுக்கும் நடுவே அண்டை வீட்டு டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சி என்று அழைக்கப் பழக்கிய நிலையம் அது. வாட்ஸ்அப் குழுக்களில் தாம் பகிர்ந்தவற்றைப் பற்றி மாணவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அப்போது ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ருவாண்டாவின் நியாங்கே என்ற ஊரிலுள்ள பள்ளியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1997 மார்ச்சில் அங்கு நுழைந்த ஆயுதக் கும்பல், ஹூட்டு, டுட்ஸி எனப் பிரிந்து நிற்குமாறு ஆணையிட்டபோது, தாங்கள் அனைவரும் ருவாண்டர்களே என்று சொல்லி மாணவர்கள் மறுத்தார்கள். அதற்காகச் சிலர் உயிரையும் இழந்தார்கள். அந்த மாணவர்களை ருவாண்டா இன்று தேசிய வீரர்களாகப் போற்றுகிறது.