காத்து அள்ளிட்டு வர்ற பனி

அக்டோபர் வந்தா போதும், எங்க ஊர்ல ஸ்கீ பைத்தியங்க எல்லாருமே ஜோசியக்காரங்களா மாறிடுவாங்க. இந்த வருஷம் பசிபிக் கடல் குளிருற லா நினாவா, சூடாகுற எல் நினோவா, பனி கொட்டுமா ஏமாத்துமான்னு ஒரே அலப்பறை. நான் அமெரிக்காவோட வடகிழக்குல இருக்குற நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, இந்த சீசன் ஜோசியத்த நம்புறத எப்பவோ விட்டுட்டேன். ஏன்னா இங்க புயல் கடலோரமா ஏறுச்சுன்னா மலைல பனி, அதே புயல் கொஞ்சம் மேற்கே தள்ளி போச்சுன்னா கடல் பக்கத்து சூடான காத்து உள்ள வந்து எல்லாத்தையும் மழையாக்கிடும். அத மூணு மாசம் முன்னாடியே எவன் சொல்ல முடியும்? 2023 டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொட்டுன மழைல பக்கத்து மாநிலம் வெர்மான்ட்ல வெள்ளமே வந்துச்சு, அதுக்கு முன்னாடி சேர்ந்த பனி என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மழை நின்னதும் குளிர் இறங்கும், ஈரமெல்லாம் உறைஞ்சு மொசைக் தரை மாதிரி ஆயிடும், அதான் இந்தப் பக்கத்துக்கு 'ஐஸ் கோஸ்ட்'னு பட்டப்பேரு.

நான் நம்புறது ஒரு கம்பத்த மட்டும்தான். வெர்மான்ட்ல மேன்ஸ்ஃபீல்ட் மலைல சுமார் 3,700 அடி உயரத்துல ஒரு அளவுகோல் நட்டு வச்சிருக்காங்க, 1954லேர்ந்து பனி ஆழம் பதிவாகிட்டு வருது. அது 40 இன்ச் தொட்டா மரங்களுக்கு நடுவுல காட்டுக்குள்ள ஸ்கீ போகலாம்னு இங்க ஒரு வழக்கு, அதுவரைக்கும் கல்லும் கட்டையும் ஸ்கீயோட அடியச் சுரண்டி எடுத்துடும்.

ஆனா எங்க நியூ ஹாம்ப்ஷயர்ல, மவுண்ட் வாஷிங்டன் மலையோட பக்கவாட்டுல கிண்ணம் மாதிரி குடைஞ்ச பள்ளம் டக்கர்மன் ரவீன், அதோட கதையே வேற. மலை 6,288 அடிதான், உயரத்துல பெருசா ஒண்ணும் இல்ல, காத்துதான் அங்க ராஜா, 1934 ஏப்ரல் 12 அன்னிக்கு மணிக்கு 231 மைல் வேகத்துல அடிச்சிருக்கு. மேல சமவெளில விழுற பனிய மேற்குக் காத்து வாரிக்கிட்டு வந்து அந்தக் கிண்ணத்துக்குள்ள கொட்டிடும், ரிசார்ட்டெல்லாம் சகதியா கிடக்கும்போது மே மாசம் கூட இங்க பனி கிடக்கும். அதே காத்து அடுக்குற பனிதான் பலகையா உடைஞ்சு அவலாஞ்சாவும், அதாவது பனிச்சரிவாவும் வரும், அதனால புதைஞ்சவங்கள தேடுற பீக்கன், தோண்டுற ஷவல், குத்திப் பாக்குற ப்ரோப் கம்பி இல்லாம குளிர்காலத்துல அங்க கால வைக்காதீங்க. 1939ல இங்க நடந்த ஸ்கீ ரேஸ்ல டோனி மாட்னு ஒரு 19 வயசுப் பையன், திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம செங்குத்துச் சுவர்ல நேரா இறங்கிட்டான், உச்சிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் ஆறரை நிமிஷம் கூட ஆகல!

நம்ம கதை அவ்ளோ வீரமா இல்ல. போன ஏப்ரல்ல மலையடிவாரத்துல இருக்குற பிங்க்ஹம் நாட்ச்லேர்ந்து டக்கர்மனுக்கு ஏறக் கிளம்புனேன், ஸ்கீயோட அடில ஒட்டுற ஸ்கின் இருக்குல்ல, முன்னாடி வழுக்கும் பின்னாடி பிடிக்கும், பூனை முதுக தடவுற மாதிரிதான், அது பாதி வழில பசை போய் கழண்டு தொங்குது. அப்புறம் என்ன, ஸ்கீய முதுகுல கட்டிக்கிட்டு ஹெர்மிட் லேக் வரைக்கும் 2.4 மைல் நடைதான். மேல போய் கிண்ணத்துக்குள்ள லஞ்ச் ராக்ஸ்ங்கிற பாறைங்க மேல உக்காந்து சாண்ட்விச்ச பிரிக்கிறேன், பக்கத்துல ஒரு பெரியவர் மெதுவா சொல்றாரு, மேல தொங்குற ஐஸ் வெயில்ல உடைஞ்சா நேரா இங்கதான் வரும்னு. சாப்பாட்டு பேர வச்ச இடத்துல சாப்பிட முடியல பாருங்க. எடுத்துட்டு ஓடுனேன். ரைட் கல்லின்னு ஒரு செங்குத்து பனிப் பள்ளம், தெற்கு பாத்தது, சீக்கிரம் இளகிடும், அதுல பாதி ஏறி பதினோரு திருப்பம். எண்ணுனேன். கீழ இறங்குற ஷெர்பர்ன் ஸ்கீ பாதைல பனி முடியிற இடத்துல குறுக்கால கயிறு, மிச்சம் சகதில பூட்ஸோட நடந்து வந்தேன், மறுநாள் ஆபீஸ்ல படியிறங்க முடியல.

இப்ப நவம்பர், கம்பத்துல இன்னும் ஒண்ணுமில்ல. ஸ்கின்னுக்கு புதுப் பசை தடவி காயப் போட்டிருக்கேன், வீடு பூரா நாத்தம், வீட்டம்மா ஜன்னலத் திறந்து வச்சிட்டா, உள்ள ஒரே குளிரு.