கொலுசுப் பட்டறைக்கு வந்த ‘வைரஸ்’

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூலி, சேதாரம், அன்றைய ரேட் எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். மாற்றம் வந்தால் அவர்கள் பென் டிரைவை என் லேப்டாப்பில் செருகி, விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் திருத்திக் கொடுப்பேன். போன வருடம் ஒருநாள் முதலாளியிடமிருந்து போன். “தம்பி, பென் டிரைவுல வைரஸ் வந்திருக்குது. புள்ளி வெச்சு ஏதோ பேரு நிக்குது, அழிக்கட்டுமா?”

அது வைரஸ் இல்லை, விம்மின் ஸ்வாப் ஃபைல். நாம் அடிப்பதை 200 எழுத்துக்கு ஒருமுறை, அல்லது 4 விநாடி கை ஓய்ந்தால், விம் அதில் எழுதி வைக்கும். ஒழுங்காக மூடினால் தானே அழித்துவிடும். நான்தான் டீக்கு நேரமாகிவிட்டதென்று விம்மை மூடாமலே பென் டிரைவைப் பிடுங்கியிருந்தேன். பெயரின் முன்னால் புள்ளி இருந்தால் லினக்ஸ் மறைத்துவிடும். பட்டறை விண்டோஸில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

திருத்தும் ஃபைல் இருக்கும் இடத்திலேயே ஸ்வாப்பையும் வைப்பது விம்மின் பழக்கம். ‘டைரக்டரி’ என்ற அமைப்பில் வேறு இடம் சொல்லலாம். நான் யோசிக்காமல் /டெம்ப் (தற்காலிக ஃபைல்களுக்கான ஃபோல்டர்) என்று போட்டேன். மே மாதம் ஏற்காட்டில் சித்தப்பா வீடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது சும்மா இருக்கவா? வராண்டாவில் உட்கார்ந்து சேதாரக் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இடி, மழை, கரண்ட் போயிற்று. என் லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, பிளக்கில்தான் உயிர். கரண்ட் வந்து திறந்தால் ஸ்வாப் இல்லை. என் லினக்ஸில் /டெம்ப் மெமரியில் இருக்கிறது, அணைந்தால் காலி. காப்பாற்றத்தான் அந்த ஃபைலே இருக்கிறது, அதைக் கொண்டுபோய் அங்கே வைத்த என் புத்தியை என்ன சொல்ல! சேவ் செய்யாத இரண்டு மணி நேர வேலை மழையோடு போனது.

சேலம் இறங்கியதும் விம்ஆர்சி என்ற விம்மின் அமைப்பு ஃபைலில் இதைப் போட்டேன் (அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான்):

செட் டைரக்டரி=~/.விம்/ஸ்வாப்//

அந்த ஃபோல்டரை நாமே முதலில் உருவாக்க வேண்டும், விம் செய்யாது. இல்லாவிட்டால் ஸ்வாப்பைத் திறக்க முடியவில்லை, மீட்க வழியில்லை என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

கடைசியில் இரண்டு கோடு இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். என்னிடம் ஏழு பட்டறைக்கும் ‘ரேட்’ என்ற ஒரே பெயரில் ஃபைல். ஒற்றைக் கோடு போட்டால் எல்லா ஸ்வாப்பும் அதே பெயரோடு, கடைசி எழுத்து மட்டும் மாறி, ஒரே இடத்தில் குவியும். எது யாருடையது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு கோடு போட்டால் முழுப் பாதையும் பெயரில் வந்துவிடும், கோடுக்குப் பதில் % குறியோடு.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் பார்க்கும் பொது ஃபோல்டர் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பு ஒன்றில் திறந்த ஃபைலை மற்றதில் திறந்தால் உடனே எச்சரிக்கை வரும். இப்போது ஸ்வாப் அந்தந்த கம்ப்யூட்டரின் ஹோம் ஃபோல்டரில் இருப்பதால் திறக்கும்போது சத்தமே இல்லை. சேவ் செய்யப் போகும்போதுதான் ‘ஃபைல் மாறிவிட்டது’ என்கிறது. அதனால் டெஸ்க்டாப்பை விட்டு எழுந்திருக்கும்போது விம்மை மூடிவிட்டுத்தான் எழுகிறேன், டீ ஆறினாலும் சரி.