விகாரி வருடத்தில் கண்டதெல்லாம்

2019 ஏப்ரலில் விகாரி வருடம் பிறந்தபோது சென்னையின் ஏரிகள் வற்றிக்கொண்டிருந்தன. குடிக்கவே தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவந்த வருடம் அது. அந்தக் கோடையில்தான் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்துத் தண்ணீரை இறைத்து, அடியில் இருந்த பெருமாளை வெளியே எழுந்தருளச் செய்தார்கள்.

அவர்தான் அத்திவரதர். 40 வருடத்துக்கு ஒரு முறைதான் அனந்தசரஸ் குளத்தை விட்டு வெளியே வருவார். 1939, 1979, அப்புறம் 2019. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுவதும் சயனத் திருக்கோலம், ஆகஸ்டில் நின்ற திருக்கோலம். நான் சயனத்தில் சேவித்தேன். விடியும் முன்பே வரிசை தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. வெயில் ஏற ஏற முன்னால் நின்றவர்கள் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நின்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வசந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் நிற்க விடமாட்டார்கள், நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். பட்டும் பூமாலையுமாக, கரிய அத்திமரத் திருமேனி. முகத்தைப் பார்ப்பதா பாதத்தைப் பார்ப்பதா என்று தவிப்பதற்குள் வெளியே வந்துவிட்டோம். அந்தச் சில நொடி எனக்குப் போதும். இனி 2059-இல்தான் வருவார்.

ஆனால் வரதர் வருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி நடராஜர் வந்ததற்கு எந்தக் கணக்கும் இல்லை. அதனாலேயே என் மனம் அவரிடம்தான் அதிகம் போய் நிற்கிறது.

தாமிரபரணிக் கரையில் குலசேகரமுடையார், அறம்வளர்த்தநாயகி கோயில். 1982-இல் அங்கிருந்து நடராஜரைத் திருடிக்கொண்டு போனார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கையே மூடிவிட்டார்கள். அவரோ ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படம் இவர் யாரென்று சொன்னது. பூசைக்கு உரியவரைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது இன்றும் வலிக்கிறது.

37 வருடம் கழித்து, 2019 செப்டம்பரில், டெல்லியிலிருந்து ரயிலேறி சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கினார். அங்கேயே தேவாரம் பாடி வரவேற்றார்கள். அப்புறம் ஊருக்கு வந்தார். அன்று கல்லிடைக்குறிச்சியில் என் பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி, "கல்யாணம் ஆகி வந்த புதுசுல பாத்தது தாயி, அதே சிரிப்பு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பேச்சு வரவில்லை. குமிண் சிரிப்பு என்று அப்பர் பாடியதை நாம் தில்லையோடு மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அன்று அது அந்த ஆச்சியின் சொந்தச் சொத்தாக இருந்தது.

தை மாதம், 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. 23 வருட இடைவெளிக்குப் பின் நடந்தது. பெரிய கோபுரக் கலசத்தில் நீர் விழுந்தபோது தமிழ் மந்திரமும் காதில் விழுந்தது. அதற்காக நீதிமன்றம் வரை போனவர்களை மனதாரக் கும்பிட்டேன்.

பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஒரு கோடிப் பேரைக் காஞ்சிக்கு வரவழைத்த அதே வருடம், பங்குனி உத்திரத்தன்று எங்கும் கோயில் கதவைச் சாத்தி வைத்தது. உள்ளே குருக்கள் மட்டும் பூசை செய்தார். நாங்கள் வீட்டிலேயே விளக்கேற்றித் திருவாசகம் படித்தோம்.