கொண்டோலாவின் இரண்டாம் கட்டம்

தில்லி கரோல் பாக்கில் ஒரு பயண நிறுவனத்தில் காஷ்மீர் பயணங்களை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. எல்டிசி என்ற விடுப்புப் பயணச் சலுகையில் ஜம்மு காஷ்மீருக்கு விமானத்தில் சென்றுவர மத்திய அரசு ஊழியர்களுக்கு அனுமதி இருப்பதால், ஆர்.கே.புரம் குடியிருப்புகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. எல்லோருக்கும் குல்மார்க் வேண்டும்; அதிலும் அங்கே மலைமேல் ஏற்றிச்செல்லும் கேபிள் காரான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் கட்டாயம் வேண்டும்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் கட்டம் கொங்தூரியோடு முடிந்துவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். அதுவும் சிகரமல்ல, சிகரம் இன்னும் மேலே இருக்கிறது. பனிச்சறுக்கு வீரர்களுக்கு அந்தச் சரிவுகள் சொர்க்கம்தான். ஆனால் காற்று பலமாக வீசினால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். முதலாளிக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாமி, கணவரின் மருத்துவ அறிக்கைகளை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பினார். "மாமாவுக்கு பைபாஸ் ஆயிருக்கு, தம்பி. ஆனா உட்கார்ந்துண்டுதானே போகப் போறார்?" என்று கேட்டார். உட்கார்ந்தபடியே போவதில்தான் சிக்கல் என்றேன். கோடையில் கிலன்மார்க் வழியாக அல்பதர் ஏரிக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். கொண்டோலாவோ, வரிசையில் நிற்கும் நேரத்தைக் கழித்தால், அரை மணிக்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். தில்லியின் நவம்பர் காற்றையே சுவாசித்துப் பழகியவர்கள் நாங்கள் என்று மாமா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அது வேறு கணக்கு.

கொங்தூரியிலேயே முழங்கால் அளவு பனி கிடைக்கும், ஸ்லெட்ஜில் உட்கார்ந்து சறுக்கலாம், சூடாகத் தேநீரும் உண்டு என்று எடுத்துச் சொன்னேன். மாமாவின் முகம் தெளியவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் இரண்டு கட்டத்துக்கும், பெரியவர்களுக்கு முதல் கட்டத்துக்கு மட்டும் எழுதிவைக்கச் சொன்ன மாமி, அதற்கும் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டே முன்பணம் கட்டுவதாகச் சொல்லி அறிக்கைகளை அடுக்கத் தொடங்கினார்.