நாய்வண்டிக்காக வாக்குக் கேட்ட நாட்கள்

2018 டிசம்பரில் ஊரெல்லாம் வாக்குக் கேட்டேன். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிக்கொண்டே போன காலம் அது. வார்டுக்கு நிற்கப் போகிறேன் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். நான் கேட்டது நார்வேயில் பனிமேல் நாய்கள் இழுக்கும் வண்டி ஓட்டுவதற்கு.

குளிர்கால, மலையேற்ற உடைகள் செய்யும் ஸ்வீடனின் ஃபியெல்ராவன் நிறுவனம் 1997இல் முதன்முதலில் நடத்திய பயணம் அது. ஃபியெல்ராவன் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் பனிநரி. நிறுவனர் ஓக்கே நூர்டினும், அலாஸ்காவின் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில் ஓடிய கென்ட் ஃபியெல்போர்க்கும் சேர்ந்து தொடங்கியது. ஏப்ரலில் சுமார் இருபது பேர், நார்வேயின் சிக்னல்தாலன் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி ஸ்வீடனுக்குள் இறங்குகிறார்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். குளிர் மைனஸ் 30 டிகிரி வரை போகும். முன் அனுபவம் எதுவும் கேட்பதில்லை. சரியான உடையும் கொஞ்சம் அறிவும் இருந்தால் யாரும் அந்தக் குளிரைத் தாண்டலாம் என்று காட்டுவதற்காகவே சாதாரண மனிதர்களைத் தேடுகிறார்கள். அப்போது நாடுகளைப் பிரிவுகளாக வகுத்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் இணையத்தில் அதிக வாக்குப் பெற்ற ஒருவர் போகலாம். இன்னொருவரை நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவுக்குத் தனி இடம் இருக்கவில்லை. தனி இடமில்லாத நாடுகள் எல்லாம் ‘உலகம்’ என்ற ஒரே பிரிவில் போட்டியிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கேரள இளைஞர் ஒருவர் அந்தப் பிரிவில் வாக்குகளால் வென்று போய்வந்திருந்தார். பக்கத்து மாநிலத்தவரால் முடிந்தது எனக்கு ஏன் முடியாது என்று தோன்றிவிட்டது.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் கால்நடை ஆய்வாளர். விண்ணப்பத்தில் நம்மைப் பற்றிச் சில வரிகளும் ஒரு படமும் வேண்டும். முதலில் சிறுவயதுக் கனவு, சாகசம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதாகத் தெரிந்தது. கிழித்துவிட்டு, எனக்கு உண்மையில் ஆசை எதன்மேல் என்று யோசித்தேன். அந்த நாய்கள்மேல்தான். படங்களில் பார்க்கும் புசுபுசுவென்ற நாய்கள் அல்ல அவை. வண்டி இழுக்கும் அலாஸ்கன் ஹஸ்கி மெலிந்த உடம்புக்காரன். இருபது, இருபத்தைந்து கிலோதான் இருப்பான். நம் சிப்பிப்பாறை நாயைப் போல, அழகுக்காக வளர்க்காமல் ஓட்டத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம். நீண்ட பந்தய நாட்களில் ஒரு நாய் பத்தாயிரம் கலோரி வரை தின்று தீர்க்கும். வாரைப் பூட்டியதும் ஓட விடச் சொல்லிக் கத்தும். ஓடச் சொல்லத் தேவையே இல்லை. நிறுத்துவதுதான் ஓட்டுபவரின் வேலை. இதைத்தான் எழுதினேன். தடுப்பூசிக்கு வந்த ஒரு சிப்பிப்பாறை என் தோள்மேல் முன்காலை வைத்து நின்ற படத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் கஜா புயல் வந்தது. நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து வெளியே வந்தபோது தென்னந்தோப்புகள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மின்கம்பங்கள் வயலுக்குள் மடிந்து கிடந்தன. கொட்டகை விழுந்து நசுங்கிய மாடுகள், இரவெல்லாம் நனைந்து விறைத்துப்போன ஆடுகள், இறந்தவற்றுக்குச் சான்று எழுதும் வேலை. விண்ணப்பம் நினைவிலேயே இல்லை.

எட்டாவது நாள் மருந்து எடுக்கத் தஞ்சாவூர் போனேன். பஸ் நிலையத்தில் தொலைபேசிக்கு உயிர் வந்தது. எழுதி வைத்திருந்தது அதிலேயே கிடந்தது. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அனுப்பிவிட்டேன். சரியா தவறா என்று யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

அடுத்த மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கூரை போனவரிடம் போய் நான் ஐரோப்பா போக வாக்குப் போடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அதனால் வெளியூர் நண்பர்களிடம் தொடங்கினேன். நானூறு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டதற்குப் பதினோரு வாக்குகள் விழுந்தன. பெயர் சொல்லி, ஆளுக்கு ஏற்றாற்போல் நான்கு வரி தனியே எழுதியபோது பத்தில் ஆறு பேர் போட்டார்கள். நேரில் பேசியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் போட்டார்கள். இதுபோல் வாக்குக் கேட்க இறங்க நினைப்பவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான்: கூட்டத்திடம் கேட்காதீர்கள், ஆளிடம் கேளுங்கள். பாதிப் பேர் கடைசிப் படியை முடிக்காமலே ‘போட்டுவிட்டேன்’ என்பார்கள். கூச்சப்படாமல் கூட இருந்து முடிக்க வையுங்கள்.

பணம் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் வாக்கு விழ வைக்கிறேன் என்று முகம் தெரியாத ஒருவர் செய்தி அனுப்பினார். பதில் போடவில்லை.

டிசம்பர் முதல் வாரம், ஒரு தோப்புக்காரரின் பசுவுக்குக் காயம் கழுவப் போயிருந்தேன். அவருக்கு இருநூறு தென்னை சாய்ந்திருந்தது. தாத்தா வைத்த மரங்கள். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியபடியே கேட்டார்: “ஏன் தம்பி, நாய்வண்டிக்கு ஓட்டுக் கேட்கிறீர்களாமே? என்னிடம் கேட்கவில்லையே?”

“இந்த நேரத்தில் எப்படி ஐயா கேட்பது?”

“மரம் விழுந்தால் ஓட்டும் விழக்கூடாதா? விஷயத்தைச் சொல்லுங்கள்.”

பசுவின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பனி, தூரம், குளிர் எதற்கும் அவர் வியக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “முன்னூறு கிலோமீட்டர் ஐஸில் ஓடினால் நாய்க்குக் கால் புண்ணாகாதா?”

பாதத்துக்குத் துணியில் சின்ன உறை மாட்டுவார்கள் என்றேன். விரலிடுக்கில் பனி உறைந்து கட்டியாகாமல் அது காக்கும். கிழிந்தால் வேறு மாட்டுவார்கள். யோசித்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டார். மின்சாரம் இன்னும் வரவில்லை. தெருமுனை ஜெனரேட்டரில் இருபது ரூபாய் கொடுத்து சார்ஜ் ஏற்றிவந்த தொலைபேசி. அதில் பன்னிரண்டு சதவீதம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பெண் பொறுமையாகப் படி படியாக முடித்தாள். பக்கம் மூன்று முறை நின்று போனது. நான்காவது முறை விழுந்தது. “என்னுடையதும் போட வேண்டும்” என்று அவள் அம்மாவின் தொலைபேசியைத் தேடி ஓடினாள்.

அதற்குப் பிறகு உள்ளூரிலும் கேட்டேன். இடிந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. இருட்டில் வேறு பேச்சு இல்லாமல் கிடந்தவர்களுக்கு அந்த நாய்கள் ஒரு பேச்சாகிவிட்டன என்று நினைக்கிறேன்.

வாக்குப்பதிவு முடிந்தபோது எனக்கு 1,914. முதலிடத்தில் இருந்தவருக்கு அதைப்போல் பல மடங்கு. நடுவர்கள் தேர்விலும் நான் இல்லை. இரண்டு நாள் மிகவும் வருத்தமாக இருந்தது. வாக்குப் போட்டவர்களில் எத்தனை பேரிடம் முடியுமோ அத்தனை பேரிடமும் நேரில் போய் முடிவைச் சொன்னேன். கேட்கும்போது இருந்த கூச்சம் அப்போது இல்லை.

ஏப்ரலில் பயணம் தொடங்கியதும் தினமும் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒருநாள் அதே தோப்புக்குப் போனேன். புதிதாக வைத்த கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காய்க்க ஆறேழு வருடம் ஆகும். “கிளம்பிவிட்டனவா?” என்றார், நாய்களைத்தான். தொலைபேசியை நீட்டினேன். வெயில் படாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு நாயாகப் பார்த்தார்.

“எல்லாக் காலுக்கும் போட்டிருக்கிறார்கள்” என்றார்.