கடைசி நாள் வருகைப் பதிவு

ஆண்கள் மட்டுமே படித்த எங்கள் பள்ளியின் இறுதி ஆண்டு வகுப்புப் பதிவேட்டில் 47 பெயர்கள் இருந்தன. பிரிவு உபசார விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, மதிய இடைவேளையில் பின்வரிசை பெஞ்சுகளை ஒன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைய தினம் ஒருவரும் அழக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அதற்கு ஒரே வழி, காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை சிரிப்பதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருப்பதுதான் என்றும் முடிவாயிற்று. ஒரு நிபந்தனை மட்டும் விதித்துக்கொண்டோம். முந்தைய ஆண்டு மாணவர்கள் பள்ளிக் காவலரின் மிதிவண்டியை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டதையும், அந்த முதியவர் அன்று நடந்தே வீட்டுக்குப் போனதையும் நாங்கள் பார்த்திருந்தோம். எங்கள் குறும்பினால் எவருடைய முகமும் வாடக் கூடாது என்பதே அந்த நிபந்தனை. அந்த வயதில் நாங்கள் எடுத்த முடிவுகளில் இதை இன்றும் பெருமையோடு நினைக்கிறேன்.

முதல் திட்டம் வேதியியல் ஆய்வகத்தில் பிறந்தது. தைமால்ஃப்தலீன் என்னும் நிறங்காட்டியைச் சாராயத்தில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைச் சில சொட்டுகள் சேர்த்தால், பேனா மையைப் போலவே அழுத்தமான நீல நிறம் கிடைக்கும். அது துணியில் பட்டால், காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தோடு வினைபுரிந்து அதன் வீரியத்தைக் குறைக்கும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 9.3க்குக் கீழே இறங்கியதும் நிறம் தானாக மறைந்துவிடும். இந்த மையைத் தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டையில் தெளித்து, அவர் திகைத்து நிற்கும்போதே கறை மறைவதைக் காட்டி அவரையே சிரிக்க வைப்பது என்று திட்டம் போட்டோம். ஆய்வகத்தில் எல்லோரையும்விடத் துல்லியமாக அளக்கும் நண்பன் ஒருவனிடம் தயாரிப்புப் பொறுப்பை ஒப்படைத்தோம்.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் மாலையோடு மேடையேறியபோது, பேனாவை உதறுவதுபோல நண்பன் மையைத் தெளித்தான். தோளிலிருந்து சட்டைப் பை வரை நீலக் கோடு ஒன்று விழுந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, கறை மறையவில்லை. மூன்று நிமிடங்கள் ஆயின, அப்போதும் மறையவில்லை. தலைமையாசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் கறையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் நண்பனின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். அப்போது வேதியியல் ஆசிரியர் எங்களிடம் வந்து, மிக மெல்லிய குரலில், காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான் இருக்கிறது என்றும், நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 சதவீதம் என்றும், இரண்டையும் வகுத்துப் பார்த்தால் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது புரியும் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த நொடி ஆறு பேர் மேடையில் ஏறித் தலைமையாசிரியரைச் சூழ்ந்துகொண்டு, அவருடைய சட்டையை ஊதத் தொடங்கினோம். பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோலக் கன்னங்களை உப்பிக்கொண்டு ஆறு மாணவர்கள் ஊத, நடுவில் அவர் இரு கைகளையும் விரித்துக்கொண்டு அசையாமல் நின்ற காட்சியைக் கண்டு, முன்வரிசையில் அமர்ந்திருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பள்ளியே சிரித்தது. கறை விளிம்பிலிருந்து வெளுக்கத் தொடங்கி, கடைசியில் முழுவதும் மறைந்தது. நடந்தது என்னவென்று வேதியியல் ஆசிரியர் பின்னர் விளக்கினார். ஆய்வகப் புட்டியில் மட்டம் குறைந்ததைப் பார்த்த அன்றே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடர்ந்த காரம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால், அந்தப் புட்டியிலிருந்த கரைசலை நன்றாக நீர்த்து வைத்துவிட்டார். அது தெரியாமல், நிறம் போதாது என்று நண்பன் கூடுதலாக ஊற்றிவிட்டதால்தான் கறை மறையத் தாமதமாயிற்று. தலைமையாசிரியரிடமும் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பழைய சட்டை ஒன்றைத் தேடி எடுத்து அணிந்துவந்த தலைமையாசிரியர், மேடையில் அத்தனை நேரமும் கோபத்தை நடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எங்களை மிகவும் வியக்க வைத்தது.

அதற்குப் பிறகு நடந்த நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசி வேடம் போட யாரும் முன்வராதபோது, ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண் வேடங்கள் எல்லாவற்றையும் பையன்களே ஏற்றார்கள் என்றும், 1660ஆம் ஆண்டில்தான் பெண்கள் அங்கே மேடையேறத் தொடங்கினார்கள் என்றும் ஆங்கில ஆசிரியர் சொல்லி, எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பரைச் சம்மதிக்க வைத்தார். ஒத்திகைகளில் மென்மையாக ஒலித்த அவன் குரல், மேடையில் “மன்னா!” என்று அழைத்த முதல் சொல்லிலேயே உடைந்து இடி முழக்கமாக வெளிப்பட்டது. மன்னன் பயந்து சிம்மாசனத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டான். நாடகம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

பிற்பகலில் குழுப் புகைப்படம் எடுத்தார்கள். 1904ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற சர்க்கட் என்னும் சுழலும் கேமராவைப் பற்றி இயற்பியல் ஆசிரியர் முன்பே ஒரு வகுப்பில் சொல்லியிருந்தார். அந்தக் கேமரா தாங்கியின் மேல் மெல்லச் சுழன்றபடி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சிறிது சிறிதாகப் படம் பிடிக்கும். ஆகவே முதல் முனையில் நின்ற குறும்புக்கார மாணவன் ஒருவன், கேமரா தன்னைக் கடந்ததும் வரிசைக்குப் பின்னால் ஓடி மறு முனையில் நின்றால், ஒரே படத்தில் இரண்டு முறை இடம்பெறலாம். கைப்பேசியின் பனோரமாவும் அதே முறையில்தான் இயங்குகிறது என்பதால், பள்ளியின் நூறு மீட்டர் ஓட்ட வீரனை இடது முனையில் நிறுத்தினோம். வரிசை படத்தில் நேராகத் தெரிய வேண்டும் என்று சொல்லி இயற்பியல் ஆசிரியரே எங்களை அரைவட்டமாக நிற்க வைத்துவிட்டு, அவனுக்கு அருகிலேயே தாமும் நின்றுகொண்டார். ஆய்வக உதவியாளர் கைப்பேசியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தார். நடுவில் அவருடைய தோள்கள் ஏன் குலுங்கின என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. படத்தைத் திறந்து பார்த்தபோது, எங்கள் வீரன் இரண்டு முனைகளிலும் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில், இரண்டு முனைகளிலும், இயற்பியல் ஆசிரியரும் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் அந்த வீரனோடு சேர்ந்து ஓடியிருக்கிறார் என்பதை நம்ப முடியாமல், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். வலது முனையில் அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும் சற்றே சரிந்திருந்தது. அந்தப் படம் இப்போதும் என் மேசைக்கு எதிரே இருக்கிறது. அதைப் பார்த்து நான் சிரிக்காத நாள் குறைவு.

கடைசிப் பாடவேளையில் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டோடு வந்தார். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு, 31ஆம் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணுக்குரிய நண்பன், தந்தையின் பணிமாற்றத்தால் நான்கு மாதங்களுக்கு முன்பே பள்ளியை விட்டுப் போய்விட்டான். அவன் போன மறுநாள் ஆசிரியர் பழக்கத்தால் அவன் பெயரையும் வாசித்துவிட்டார். அந்த ஒரு கணத்து நிசப்தத்தைப் பொறுக்க முடியாமல், அவனோடு ஒரே பெஞ்சில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த 32ஆம் எண்காரன், மூக்கடைத்ததுபோல ஒலிக்கும் நண்பனின் குரலை அப்படியே வரவழைத்து, “உள்ளேன் ஐயா” என்றான். ஆசிரியர் தலையை நிமிர்த்தவில்லை. எதையோ குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். மறுநாளும் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது. மறுநாளும் பதில் வந்தது. இப்படியே நான்கு மாதங்கள் ஓடின. ஒரு பெயரை அடித்துவிட அவர் மறந்துவிட்டார் என்றும், ஊரில் இல்லாத ஒருவனுக்கு நாங்கள் முழு வருகையும் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்றும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அன்று அவர் முதல் முறையாகப் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்ற எல்லா வரிசைகளிலும் பேனாவால் குறித்திருந்தார். 31ஆம் வரிசையில், பெயரின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று என்றைக்கோ போடப்பட்டிருந்தது; நண்பன் போன நாளிலிருந்து கட்டத்துக்கு ஒன்றாகப் பென்சில் புள்ளிகள் இருந்தன. நாங்கள் தேர்வுக்குப் பயந்து வந்த நாள்களிலும், மழையில் பாதிப் பேர் வராத நாள்களிலும், அந்தப் புள்ளி மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அலுவலகக் கணக்கு சரியாகவே இருந்தது. அடித்த பெயரை அவர் எங்களுக்காகத்தான் நாள்தோறும் வாசித்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு அவர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவனும் வழக்கத்தைவிட உரக்கப் பதில் சொன்னான். 31ஆம் பெயர் வந்தது. 32ஆம் எண்காரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அதே குரலில், “உள்ளேன் ஐயா” என்றான். அவன் சொல்லி முடித்த மறுகணம், மேசையின் மேல் பதிவேட்டுக்கு அருகே கவிழ்த்து வைத்திருந்த ஆசிரியரின் கைப்பேசியிலிருந்து, மூக்கடைத்த அதே குரல் இரண்டாம் முறை கேட்டது.

“உள்ளேன் ஐயா.”

வகுப்பு ஒரு நொடி உறைந்து நின்றது. ஆசிரியர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், 32ஆம் எண்காரனையும் கைப்பேசியையும் பார்த்துவிட்டு, “ஒரு பெயருக்கு இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். இதில் யாருக்கு நான் வருகை போடுவது?” என்று கேட்டார். அதன் பிறகு எழுந்த கூச்சலில் பெஞ்சுகள் சரிந்தன. கைப்பேசியின் மறுமுனையில் நண்பன் ஏதோ கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு நாங்கள் எடுத்த தீர்மானத்தை முதலில் மீறியவன் யார் என்பதைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் எல்லோருடைய கண்களும் அப்போது ஒரே மாதிரிதான் இருந்தன. கூச்சல் அடங்கும் வரை காத்திருந்த ஆசிரியர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த ஒரு கட்டத்துக்குள் இரண்டு புள்ளிகளை வைத்துவிட்டு, 32ஆம் பெயரை வாசித்தார்.