சுருதிப்பெட்டியும் 819 கிலோஹெர்ட்ஸும்

ஆசிரியர்களைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க்குழு கேட்டபோது எனக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் நமக்கு இயற்பியல் எடுத்த சார். 1982 முதல் 1984 வரை தில்லியில் நம் பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. அவரிடம் கற்றதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்: மின்காந்த அலை எப்படிச் செய்தியைச் சுமந்து வருகிறது என்பது. மெல்பர்னில் செல்பேசிக் கோபுரங்களுக்கு அலைவரிசைத் திட்டமிடுவது என் வேலை. இந்த வேலைக்கு வேண்டிய முதல் பாடத்தை அவர்தான் எடுத்தார்.

பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயம் மாக்ஸ்வெல்லில் தொடங்கும். ஒளியும் மின்காந்த அலைதான் என்று 1865-இல் அவர் சமன்பாடுகளால் காட்டியது, 1887-இல் ஹெர்ட்ஸ் தீப்பொறியால் அந்த அலையை உண்டாக்கி அறையின் மறுபக்கத்தில் பிடித்தது, வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர், எல்லாம் வரிசையாக இருக்கும். சார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பாட்டு டீச்சரிடமிருந்து சுருதிப்பெட்டியை வாங்கி வந்தார். கரும்பலகையில் மதுரை, கும்பகோணம், பாலக்காடு, திருநெல்வேலி என்று நாலு ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நெடிலும் குறிலுமாக ஓர் அடையாளம் போட்டார். முன் பெஞ்சில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "நீ நிறுத்தாம அழுத்திண்டே இரும்மா" என்றார்.

பெட்டி ஒரே சீராக ஒலித்தது. "என்ன சேதி வந்தது?" என்று வகுப்பைக் கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "ஒரு மணி நேரம் இப்படியே கேட்டாலும் ஒண்ணும் தெரியாது. பெட்டி ஒலிக்கிறதுன்னு மட்டும்தான் தெரியும்." பிறகு ஒரு தடித்த புத்தகத்தைப் பெட்டியின் துளைகள் மேல் வைத்து எடுத்தார், வைத்து எடுத்தார். ஒலி அடங்கி எழுந்தது. நீளம், குட்டை, குட்டை, நீளம். நான்கு முறை முடிவதற்குள் பின் பெஞ்சிலிருந்து "கும்பகோணம், சார்!" என்று கத்தினார்கள்.

ரேடியோ நிலையத்தின் அலையும் இப்படித்தான் என்றார். தில்லி ஏ நிலையம் 819 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு எட்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் தடவை ஏறி இறங்கும் அலை, ஒவ்வொன்றும் 366 மீட்டர் நீளம். யாரும் பேசாதபோது அது சுருதிப்பெட்டி மாதிரி சீராக நிற்கும். வாசிப்பவர் வாயைத் திறந்ததும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அலையின் உயரம் கூடிக் குறைகிறது. அலை எங்கும் போகும், எல்லார் வீட்டுக்குள்ளும் நுழையும். ஆனால் செய்தி இருப்பது அந்தக் கூடுதல் குறைவில் மட்டும். சீராக நிற்கும் அலை எத்தனை வலுவாக இருந்தாலும் அதில் சேதி கிடையாது. இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றும் புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர்களுக்கு நான் இதையேதான் முதலில் சொல்கிறேன்.

அப்படியென்றால் குரலையே நேராக அலையாக்கி அனுப்பினால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குக் கணக்குப் போட வைத்தார். மனிதக் குரலில் ஆயிரம் ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டால், அதே அதிர்வெண்ணுள்ள மின்காந்த அலையின் நீளம் 300 கிலோமீட்டர். அதை ஒழுங்காக வெளியே அனுப்பக் கால் அலை நீளத்துக்காவது ஆன்டெனா வேண்டும். அதாவது 75 கிலோமீட்டர். "இங்க ஒரு முனையை நட்டா, மறு முனை ஆக்ரா ரோட்டிலே பல்வல் ஊரையும் தாண்டி நிக்கும்." அதோடு எல்லா நிலையங்களும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். தில்லியும் ஜலந்தரும் லக்னோவும் ஒரே குரலில் கூச்சலிட்டால் யாரைக் கேட்பது? ஆளுக்கொரு அதிர்வெண் கொடுத்து, அதன்மேல் குரலை ஏற்றி அனுப்புவதால்தான் ரேடியோவின் குமிழைத் திருகி ஒருவரைப் பிரித்தெடுக்க முடிகிறது.

பேட்டரி இல்லாத ரேடியோ செய்த நாள்தான் என் மனதில் பெரிய நாள். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் சாரே போய்ச் சாமான் வாங்கி வந்திருந்தார்: நிலையம் மாற்றத் திருப்பும் கேங் கண்டென்சர் ஒன்று, ஓஏ79 டயோடு, பழைய ராணுவ ஹெட்போன் ஒன்று. அட்டைக் குழாயில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நாங்கள் சுற்றினோம். மொட்டை மாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆன்டெனா கம்பி கட்டினோம். எர்த்துக்குக் குடிநீர்க் குழாய். வேறு ஒன்றும் இல்லை. பிளக் இல்லை, செல் இல்லை. சார் ஹெட்போனை என் காதில் வைத்து, கண்டென்சரை மெல்லத் திருப்பச் சொன்னார். இந்தியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. யாரோ கோதுமை விதைப்பைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் குரலைக் கேக்க வைக்கிற சக்தி எங்கேருந்து வருது?" என்று கேட்டார் சார். குழாயிலிருந்து என்றான் ஒருவன், டயோடிலிருந்து என்றான் இன்னொருவன். டிரான்ஸ்மிட்டரிலிருந்துதான். வடக்கு தில்லியில் நிற்கும் ஒரு கோபுரம் ஊரெல்லாம் இறைத்த சக்தியில் துளியிலும் துளி எங்கள் மாடிக் கம்பியில் விழுந்தது. அந்தத் துளிதான் ஹெட்போனுக்குள் இருந்த தகட்டை அசைத்தது. கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்து 819-க்கு மட்டும் இசைந்து ஆடும், மற்றவற்றைத் தள்ளிவிடும். டயோடு அலையின் ஒரு பாதியை வெட்டிவிடும். வெட்டாவிட்டால் மேலே போகும் பாதியும் கீழே போகும் பாதியும் ஒன்றையொன்று தீர்த்துவிடும், தகடு எந்தப் பக்கமும் நகராது. வெட்டியபின், நொடிக்கு எட்டு லட்சம் துடிப்பைத் தகட்டால் தொடர முடியாது. துடிப்புகளின் உயரம் மெதுவாக ஏறி இறங்குவதை மட்டும் தொடரும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்டூடியோவில் பேசியவரின் குரல். சுருதி நீங்கிப் பாட்டு மட்டும் மிச்சம். இதைப் படமாக எத்தனை புத்தகத்தில் பார்த்திருந்தாலும், காதில் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்போது தில்லியிலிருந்து சிற்றலையில் நேரக்குறிப்பு ஒலிபரப்பியது. ஏ.டி.ஏ என்பது அதன் அழைப்புப் பெயர். 10 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் நொடிக்கு ஒரு டிக். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, ஆனால் நாட்டின் நேரம் அந்தச் சின்ன மாற்றத்தில் வந்தது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்று சார் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். கல்கத்தாவில் 1895-இல் ஜகதீஷ் சந்திர போஸ் சுவர்களைத் தாண்டி அலை அனுப்பி மணியடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார் என்பதையும் அப்படித்தான் சொல்வார். போஸ் கையாண்டவை மில்லிமீட்டர் அலைகள். நூறாண்டுக்குப் பின் 5ஜி-க்காக நாங்கள் அதே வகை அலைகளுடன் மல்லுக்கு நிற்கிறோம். போஸுக்குப் பாடப்புத்தகத்தில் இன்னும் இடம் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த குரல் ஒன்று இருந்தது. "ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி." தில்லியில் நம் பள்ளியிலிருந்து அதிக தூரமில்லாத நாடாளுமன்றத் தெருக் கட்டடத்தில் வாசித்தார், கும்பகோணத்தில் என் பாட்டி கேட்டார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அந்தக் குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்புவதுபோல் அடங்கி எழுவதைக் கேட்டிருக்கிறேன். ஏன் அப்படி என்று சாரிடம் கேட்டேன். தில்லியிலிருந்து சிற்றலையில் மேலே போன அலை, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தால் (மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு) வளைக்கப்பட்டுத் தெற்கே இறங்குகிறது. அதைத் திருச்சி நிலையம் பிடித்து, தன்னுடைய 936 கிலோஹெர்ட்ஸில் மறுபடி ஒலிபரப்புகிறது. மேலே அந்த மண்டலம் அசையாத கூரை கிடையாது. ஒரே அலை இரண்டு மூன்று வழியில் இறங்கிவரும். அவை ஒத்துப்போகும்போது குரல் ஓங்கும், முரண்படும்போது தேயும். தூரத்தைப் பற்றி அவர் சொன்ன கணக்கும் மறக்கவில்லை: தில்லியிலிருந்து அலை தமிழ்நாட்டைத் தொட ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதே நேரத்தில் ஒலி மூன்று மீட்டர்தான் நகரும்.

1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி விண்ணில் ஏறியபின் இந்த நிலை மாறியது. ஆகாசவாணி நிலையங்கள் தில்லிச் செய்தியைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கத் தொடங்கின. 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே வருகிறது. கால் நொடி தாமதம். பல மடங்கு சுற்றுவழி, ஆனால் குரல் தேயவில்லை. குளிர்கால இரவுகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் பால்கனியில் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி 720 கிலோஹெர்ட்ஸில் சென்னையைப் பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். பகலில் மத்திய அலையை விழுங்கும், அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு இருட்டியதும் மறைந்துவிடும். அதனால் அத்தனை தூரத்திலிருந்து தமிழ் வந்தது. அப்பா அதற்காகவே கம்பளிக்குள் உட்கார்ந்து காத்திருப்பார்.

மழை வருமுன் ரேடியோவில் கேட்கும் கரகரப்பு, தொலைவில் வெட்டும் மின்னல் அனுப்பும் அலை. தில்லியில் மே மாதத்து ஆந்திக்கு (புழுதிப் புயலுக்கு) முன்னால் அதை நன்றாகக் கேட்கலாம். பாடுகிற டிரான்சிஸ்டரைப் பள்ளிக் கேன்டீனின் அலுமினிய இட்லிப் பானைக்குள் வைத்து மூடினால் சட்டென்று ஊமையாகிவிடும் என்பதையும் சார் செய்து காட்டினார். காற்று உள்ளேயும் இருக்கிறது, தடுத்தது உலோகம். அலைக்குக் காற்று தேவையே இல்லை, நட்சத்திர ஒளி வெற்றிடம் தாண்டித்தானே வருகிறது என்றார்.

ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தில்லிக் காலனிகளில் வண்ணத் தொலைக்காட்சி நுழைந்தது. படத்தின் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு படம் விழும். எல்லாரும் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பினார்கள். சார் எங்களிடம் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொன்னார். திரையில் ஒரு கோடு வரைய 52 மைக்ரோநொடி. இருபது அங்குலத் திரையில் நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், நேரே வந்த அலையைவிட மற்றது சுமார் 380 மீட்டர் அதிகம் சுற்றி, ஏதோ ஒரு கட்டடத்தில் பட்டு வந்திருக்கிறது. எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியா, பல மாடிக் கட்டடமா என்று காகிதத்தில் வரைந்து தேடினோம்.

என் வேலையில் பாதி இந்த நிழல்தான். 4ஜி அலையில் செய்தி உயரத்தில் மட்டும் வருவதில்லை. அலையின் உயரத்தையும் கட்டத்தையும் (ஏறி இறங்கும் சுற்றில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்) சேர்த்து 64 விதமாக மாற்றலாம். அதில் ஒன்றைத் தேர்ந்து ஒரு குறியாக அனுப்பினாலே ஆறு பிட், அதாவது ஆறு 0-1 இலக்கங்கள், போய்ச் சேரும். 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நூற்றுக்கணக்கான அலைகள் பக்கம் பக்கமாக இப்படி மாறிக்கொண்டிருக்கும். கட்டடங்களில் பட்டுத் தாமதமாக வரும் நகல்கள் அடுத்த குறியோடு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு குறிக்கும் முன்னால் 4.7 மைக்ரோநொடி ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஒளி 1,400 மீட்டர் போகும். அதுவரை சுற்றி வரும் நிழலால் கெடுதல் இல்லை. இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது, அளவுகோலும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன் நின்றது நினைவுக்கு வந்து, ஒரு வரி விளக்கமும் இல்லாமல் எனக்குப் புரிந்துவிட்டது.

இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு இந்தச் சோதனைகளைச் செய்து காட்டுகிறேன். சென்ற முறை ரேடியோ பானைக்குள் ஊமையானதும் ஒரு பெண் தன் செல்பேசியை உள்ளே வைத்து மூடி, தோழியைக் கூப்பிடச் சொன்னாள். மணி அடித்தது! "ஆன்டி, ரேடியோவுக்கு நின்னது இதுக்கு ஏன் நிக்கல?" என்றாள். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடுக்கை எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைக்கு அந்த இடுக்கு ஒன்றுமே இல்லை. செல்பேசியின் அலை நீளம் ஒரு சாணுக்கு முன்பின். பானையைச் சுற்றி ஓடும் இடுக்கு அதைவிட நீளம், அதன் வழியே கசிந்துவிடுகிறது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் அந்தக் கசிவே போதும். அவள் சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து வந்து, செல்பேசியை இடைவெளி விடாமல் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி கூப்பிடச் சொன்னாள். இந்த முறை மணி அடிக்கவில்லை.